ஒரு சாண் இறங்கிய கிளாம்ப்

விழவில்லை. உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும், அதற்கு முதலில் எனக்கு நானே சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும். மகள் வீட்டுக் குளியலறைத் தரையில் இரண்டு காலையும் நீட்டி, முதுகை டைல்ஸில் சாய்த்து, மார்புக்கு மேல் முடிந்த ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் ஷாம்பு பாட்டில்கள், மாப்பிள்ளையின் சவர நுரை டப்பா, பேத்தியின் மஞ்சள் சோப்புப் பெட்டி. பெட்டி திறந்து சோப்பு எங்கேயோ போய்விட்டது. என் வலது கை இன்னும் ஸ்டாண்டின் கீழ்த்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விடு என்கிறேன், விரல் விட மாட்டேன் என்கிறது. மேலே பார்க்கிறேன். ஷவருக்குப் போகும் குழாயைக் கவ்விக்கொண்டு அந்த மூன்று தட்டு ஸ்டாண்டைத் தாங்குகிற கிளாம்ப், சற்று முன்புவரை என் நெற்றி உயரத்தில் இருந்தது. இப்போது ஒரு சாண் கீழே வந்து கோணலாக நிற்கிறது. நான் பிடித்ததும் அதுவும் என்னோடு சறுக்கிக்கொண்டே வந்து, அங்கே போதும் என்று நின்றுவிட்டது. அது மட்டும் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால். அதை நினைக்க வேண்டாம். சண்முகவடிவு, அதை இப்போது நினைக்க வேண்டாம். “அத்தை? என்ன சத்தம்?” மாப்பிள்ளை. கதவுக்கு வெகு பக்கத்தில். “ஒண்ணுமில்ல மாப்பிள்ள. ஷாம்பு டப்பா விழுந்துட்டு.” சொல்வதற்கு முன்னால் நான் ஒரு மூச்சு இழுத்தது எனக்கே கேட்டது. முப்பத்து மூன்று வருஷம் கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா. பொய் சொல்கிறவர்கள் முதல் வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சிவகாசிக்கு அவசர லைட்னிங் கால் போட்டு, லோடு கிளம்பிட்டு அண்ணாச்சி என்பார். அந்த மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும், லாரி இன்னும் வாசலிலேயே நிற்கிறது என்று. கேட்கக் கூடாதுதான், விதி. ஆனால் கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு என்ன இருக்கிறது? “சரி அத்தை” என்றார் மாப்பிள்ளை. ஆனால் செருப்புச் சத்தம் நகரவில்லை.

இன்றைக்கு வியாழன். நாளைக்கு வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ், கீழ் பெர்த். விடியக்காலம் கோவில்பட்டி. மூன்று நாள். மூன்று மாதத்தைத் தாண்டியவளுக்கு மூன்று நாளைத் தாண்ட முடியாமல் போய்விட்டதே. கார்த்திகை மாதம் என் வீட்டு அடுப்படியில் நான் விழுந்துகிடந்ததைப் பக்கத்து வீட்டு ஜெசிந்தா பார்த்துவிட்டு மகள் சுபாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். என்னோடு எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் பக்கத்து போர்டில் உட்கார்ந்தவள், யாருக்கு எந்த விஷயம் போகக் கூடாது என்று தெரிய வேண்டாமா அவளுக்கு. மறுநாளே சுபாவும் மாப்பிள்ளையும் கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். தரையில் தண்ணீர் சிந்தியிருந்தது, வழுக்கிவிட்டது என்று சொன்னேன். சென்னை மேடவாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து சுபா சட்டம் போட்டாள். “மூணு மாசம் எங்கூட இரும்மா. ஒரு தடவகூட தல சுத்தலன்னா நீ போலாம், நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். சுத்துச்சுன்னா அந்த வீட்டப் பூட்டிட்டு இங்கதான். பேச்சு மாற மாட்டேன்னு சொல்லு.” சொன்னேன். அவள் கெட்டவள் இல்லை. பாசம் வைத்தால் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி வைப்பாள், அவள் அப்பா மாதிரி. அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். அந்த வீட்டில் நான் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டாலும் மூன்று மணிக்குச் சாப்பிட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அது பாவம் என்று அவள் நினைக்கிறாள். எனக்கு அது சம்பாத்தியம். அவள் அப்பா இருந்தவரைக்கும் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தால் வாசலில் நின்று கணக்குக் கேட்பார். நைட் டூட்டி என்றால் முகம் ஒரு வாரம் தொங்கும். அவர் போன பிறகு ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, தரையில் வெறுமனே படுத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. இதை மகளிடம் எப்படிச் சொல்ல? அவளுக்கு அவர் அப்பா.

எழுந்திருக்க வேண்டும். எழுந்து, பாட்டில்களை அடுக்கி, கிளாம்பைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மணிக்கட்டில் ஒரு வலி, உள்ளே யாரோ விசையைத் தட்டியது போல, முழங்கைவரை ஓடி நின்றது. வீங்குமோ. நைட்டியின் கை முழுக்கை இல்லையே, மறைக்க முடியாதே. இடது கையை ஊன்றி வாளியைப் பிடித்து எழுந்தேன். மூலையில் நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து குளிம்மா என்று சுபா வாங்கிப் போட்டது. நான் அதன் மேல் துவைக்கிற துணியைத்தான் போடுவேன். உட்கார்ந்து குளிக்க எனக்கு என்ன வயசாகிவிட்டது, அறுபத்தாறு ஒரு வயசா. இந்த ஸ்டாண்டு வந்த கதையே எனக்காகத்தான். வாடகை வீடு, டைல்ஸில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். முதலில் சுவரில் ஒட்டிக்கொள்கிற ரப்பர் கிண்ணம் வைத்த தட்டு ஒன்று இருந்தது. நான் வந்த முதல் வாரத்தில் மூன்று தடவை தானாகவே விழுந்தது, நான் மூன்று தடவையும் குனிந்து சோப்பை எடுத்தேன். நாலாவது நாள் மாப்பிள்ளை இந்தக் கிளாம்ப் வைத்த ஸ்டாண்டை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு இரும்புத் தகடு, நடுவில் குழாய், பக்கவாட்டில் ஒரு திருகுக் குமிழ். திருகத் திருக இரண்டு தகடும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். “இன்னும் மேல வைங்க, எனக்குத் தோளுல இடிக்குது” என்று சுபா சொன்னாள். அவள் அப்பாவின் உயரம் அவளுக்கு. “அத்தை குனியவும் கூடாது, எக்கவும் கூடாது. நீ கொஞ்சம் தள்ளி நின்னு குளி” என்றார் அவர். அந்த ஆளின் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான். அப்புறம் எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கொண்டுவந்து, கத்தரித்து, குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி அதற்கு மேல் கிளாம்பை வைத்து முறுக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சோப்பு டப்பாவுக்கு இவ்வளவு கட்டா. இப்போது பார்க்கிறேன், அந்த டியூப் சுருண்டு சுருண்டு கிளாம்புக்கு அடியில் மோதிரம் மாதிரி ஒதுங்கி நிற்கிறது. அதில் முட்டித்தான் நின்றிருக்கிறது. அதில் முட்டித்தான் நானும் நின்றிருக்கிறேன்.

வழுக்கியதா? வழுக்கியிருக்கும். சோப்புத் தண்ணீர். ஆனால் நான் இன்னும் சோப்பே போடவில்லையே. இரண்டு செம்பு தலையில் ஊற்றினேன், மூன்றாவது செம்புக்குக் குனிந்து நிமிர்ந்தேன், அப்புறம் ஸ்டாண்டுக் கம்பி கையில் இருக்கிறது, நான் கீழே இருக்கிறேன். நடுவில்? நடுவில் ஒரு துண்டு இல்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது லைன் செத்துப்போகும், ஹலோ ஹலோ என்பார்கள், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள், நடுவில் போனது யாருக்கும் தெரியாது. அந்தத் துண்டில் நான் எங்கே இருந்தேன்? தூக்கம் என்றால் தூங்குகிறோம் என்பது எங்கோ ஒரு மூலையில் தெரியும். இதில் அதுவும் கிடையாது. பத்து நாளைக்கு முன்னால் லிஃப்டில் ஒரு தடவை. ஐந்தாவது மாடி என்று பொத்தானை அமுக்கினேன், கதவு திறந்தது, நான் லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கையிலிருந்த கீரைக்கட்டு கீழே கிடக்கிறது. யாரும் இல்லை. கீரையைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஆய ஆரம்பித்துவிட்டேன். கீரை ஆய்கிற கைக்கு எதுவும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் இது மூன்று. அடுப்படி, லிஃப்ட், குளியலறை. அடுப்படியிலும் தரை காய்ந்துதான் இருந்தது. எனக்குத் தெரியும். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது, கேஸ் வாடை, ஜெசிந்தா மட்டும் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகாமல் அன்றைக்கு வீட்டில் இல்லாமல் போயிருந்தால். இல்லாமல் போகாமல். எப்படிச் சொல்வது, வாக்கியமே திக்குகிறது. அவள் வீட்டில் இருந்தாள், அதனால் நான் இருக்கிறேன். அவளை நான் மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிளாம்பை ஏற்று, சண்முகவடிவு. அதற்கு அப்புறம் எல்லாவற்றையும் யோசிக்கலாம். வலது கை உதவாது. இடது கையால் குமிழைப் பிடித்துத் திருகினேன். நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம். கிரீச் என்று ஒரு சத்தம், அரை அங்குலம் திரும்பியது. இளகுகிறது என்று சந்தோஷமாக ஸ்டாண்டை மேலே தள்ளினேன். மலை மாதிரி நிற்கிறது. இன்னொரு திருகு. கிரீச். கை நழுவி டைல்ஸில் விரல் முட்டி இடித்தது. தண்ணீரைத் திறந்துவிட்டால் சத்தம் கேட்காது என்று வாளிக் குழாயைத் திறக்கப் போனேன். “அத்தை.” சத்தம் போடாமல், சாப்பாட்டு மேஜையில் உப்பு எடுங்க என்று கேட்கிற மாதிரி, வெளியிலிருந்து மாப்பிள்ளை சொன்னார். “அது இடப்பக்கம் திருப்பினாத்தான் இளகும். இறுக்குறப்பதான் அந்தக் கிரீச் வரும், நீங்க இறுக்கிக்கிட்டு இருக்கீங்க.”

உடம்பு முழுக்கச் சுருங்கிப்போயிற்று எனக்கு. அந்த மனுஷர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று என் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூடக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஈரப் பாவாடையோடு நிற்கிறேன், ஒரு மரக்கதவு, ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போடாதே என்று சுபா எத்தனை தடவை சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது எந்த மாமியார் தாழ்ப்பாள் போடாமல் குளிப்பாள்? அவளுக்கு அலுவலகம் எட்டரைக்கு, பேத்திக்குப் பள்ளிக்கூட வேன் எட்டுக்கு. அப்புறம் வீட்டில் நானும் இவரும் மட்டும், நான் ஒரு அறையில், இவர் கம்ப்யூட்டரோடு ஒரு அறையில். பத்து மணிக்கு நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து இவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுவார். குளியலறைக் கதவிலிருந்து நாலு எட்டு. எனக்கு எவ்வளவு கூச்சம், எவ்வளவு எரிச்சல். நான் தண்ணீர் ஊற்றுவதும் இருமுவதும் எல்லாம் கேட்குமே, இந்த ஆவுடையப்பனுக்கு இங்கிதமே கிடையாதா, இவ்வளவு பெரிய வீட்டில் வேறு இடமே இல்லையா என்று மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. பெண் பார்க்க வந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். ஊமை மாதிரி இருக்காரே என்று சுபாவிடம் சொன்னேன். “எனக்குப் பேச ஆள் வேணும்மா, பேசுற ஆள் வேண்டாம்” என்றாள் அவள்.

“எம்புட்டு நேரமா அங்ஙன நிக்கிய?” கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் கோபமாக வரவில்லை. “தினமும் இங்கதான் அத்தை உக்காந்திருப்பேன்” என்றார். “தண்ணிச் சத்தம் நின்னுச்சுன்னா எண்ண ஆரம்பிப்பேன். நூறுக்குள்ள மறுபடி சத்தம் கேட்டுரும். நூறு தாண்டுனா கூப்புடணும்னு வச்சிருந்தேன். இதுவரைக்கும் தாண்டினதில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “இன்னிக்கு டமார்னு கேட்டுச்சு. நீங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கு அப்புறம் முந்நூத்திச் சொச்சம் எண்ணிட்டேன். கதவ உடைக்கலாமா, உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நின்னுக்கிட்டிருக்கேன்.” மூன்று மாதம். தொண்ணூறு நாள். ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டே அந்த மனுஷர் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் உள்ளே முதுகு தேய்த்துக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காது காது என்று பெருமைப்பட்டுக்கொண்டேனே, என் காதுக்கு இது கேட்கவில்லையே. “சுபா சொல்லிச் செய்தீயளோ?” “இல்ல அத்தை. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ பயந்துருவா.” அவள் மட்டுமா. இவர் குரலில் கடைசி எழுத்து நடுங்கியதை நான் கேட்டேன். கேட்டுவிட்டேன்.

தொடர்ந்து அவரே பேசினார், அவருக்கு இது பெரிய பேச்சு. “அத்தை, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். வழுக்குச்சா, தல சுத்துச்சா?” வழுக்குச்சு என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை முத்துநகர். ஒரு வார்த்தை. இவர் நம்புவார், இல்லை நம்பின மாதிரி இருப்பார், சுபாவிடம் சொல்ல மாட்டார், அதுவும் தெரிகிறது. விடிந்தால் என் வீடு. என் சாவி, என் அடுப்பு, தரையில் மத்தியானத் தூக்கம். அந்த வீட்டுக் குளியலறையில் குழாய் சுவருக்குள்ளே போகிறது. பிடிக்க ஒன்றும் கிடையாது. வெளியே எண்ணுவதற்கும் ஆள் கிடையாது. வாயைத் திறந்தேன். மூச்சு இழுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நேரில் என்றால் இதை இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன். கதவு நடுவில் இருந்தது, நல்லதாகப் போயிற்று. “சுத்தல்லாம் இல்ல மாப்பிள்ள. கண்ணு இருட்டிட்டு, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல. கீழ உக்காந்த பெறவுதான் தெரியுது. உங்க கிளாம்புதான் மெள்ள இறக்கிவிட்டிருக்கு.” அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். “இது மூணாவது தடவ” என்றேன். “லிஃப்டுல ஒருக்க. ஊருல அடுப்படியில விழுந்ததும் வழுக்கி இல்ல. நான் பொய் சொன்னேன்.” சொல்லி முடித்தாயிற்று. அந்த நீல ஸ்டூலில் கிடந்த துணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். உயரம் சரியாகத்தான் இருந்தது.

“சரி அத்தை” என்றார். திட்டவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. “இப்ப எங்கயாவது வலிக்குதா?” “வலது கை மணிக்கட்டு.” “தலையில அடி?” “இல்ல.” “சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே டாக்டர்கிட்டப் போவோம். சுபாவுக்கு நான் சொல்லட்டா, நீங்களே சொல்றீங்களா?” நான்தான் சொல்ல வேண்டும். அவள் அழுவாள். அழுதுகொண்டே கத்துவாள். கத்தட்டும், அந்தக் கேஸ் வாடையைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிட வேண்டியதுதான், இரண்டு தடவை கத்த வைக்க முடியாது. அவள் அப்பாவிடம் இருபத்தாறு வருஷம் நான் சொல்லாமல் விழுங்கியது போதும். “நானே சொல்லுதேன்” என்றேன். “டிக்கெட்ட என்ன பண்ண?” என்றார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார், பாவம். ரத்து பண்ணிருங்க என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, நல்ல மாமியார், நல்ல அம்மா, அடங்கி ஒரு மூலையில் கிடக்கிறவள், அவள் அப்படித்தான் சொல்வாள். “ரத்து பண்ணிராதிய” என்றேன். “தேதிய மட்டும் மாத்துங்க. டாக்டர் போலாம்னு சொல்லுத தேதிக்கு மாத்துங்க. நான் போவேன் மாப்பிள்ள. என்னண்ணு பாத்து, சரி பண்ணிட்டு, போவேன்.” அப்புறம், “டிக்கெட்ட ரெண்டா போடறேன், நானும் வர்றேன்” என்றார். “உங்க பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி வைக்கணும். அது உங்க சொந்த வீடு, ஓட்டை போடலாம்ல?” போடலாம். நான் கடன் வாங்கி, நான் கட்டி, நான் அடைத்த வீடு. எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போடலாம். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன, மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஈர முகத்தில் எது எது என்று யாருக்குத் தெரியும்.

ஒரு கையால் நைட்டியைத் தலைவழியாகப் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. வலது கையை உள்ளே நுழைக்கும்போது பல்லைக் கடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. உள்ளே அசைகிற சத்தம் கேட்கட்டும் என்று நானே வேண்டுமென்றே வாளியைக் காலால் தட்டினேன். துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து, தாழ்ப்பாளை இடது கையால் இழுத்தேன். கதவு திறந்தது. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர் திறந்தபடி கிடந்தது, அதில் யாரோ ஒருவர் இவர் பெயரைச் சொல்லி இருக்கீங்களா இருக்கீங்களா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கதவுக்கு முன்னால் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வலது முழங்கையை மட்டும் மடக்கிப் பின்னால் என் பக்கமாக நீட்டியிருந்தார். பதினோரு வருஷத்தில் இவர் விரல் நுனிகூட என் மேல் பட்டதில்லை. காபி தம்ளரைக்கூட மேஜையில் வைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வோம். பிடித்தேன். சட்டைக்குள்ளே கை கல்லு மாதிரி இறுகியிருந்தது, பயந்தவன் கை. நான் பிடித்ததும் மெள்ளத் தளர்ந்தது. “எட்டு வைக்கலாமா அத்தை?” என்றார் திரும்பாமல். “வைங்க” என்றேன்.